பேரிஜம்: மலையுச்சி ஏரியும் அதன் நீர்ப்பிறப்பும் – குறிஞ்சி நிலச் சூழலியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

பழனிமலைத் தொடரின் உயர்நிலத்தில், கொடைக்கானல் வனவுயிரினச் சரணாலயத்துக்குள் பேரிஜம் ஏரி அமைந்துள்ளது. இதன் சூழலியல் மதிப்பு கண்ணுக்குத் தெரியும் நீர்ப்பரப்பில் மட்டும் அடங்குவதன்று. அதனைச் சூழ்ந்துள்ள புல்வெளி, சோலை, சதுப்பு ஆகிய மூன்றின் இணைவில் உள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. திணைமரபு நீருக்கு அளித்த இடம், சுனை – ஏரி என்னும் சொற்களுக்கிடையிலான பொருள் வேறுபாடு, நீரியல் அளவீடுகள், சதுப்பு மண்ணில் பதிந்துள்ள தொல்காலநிலைச் சான்று, ஈரநில விதிகளின் வரையறை ஆகியவை ஆய்வுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பேரிஜம், பழனிமலை, சுனை, சோலை, மலைப் புல்வெளி, சதுப்பு, குறிஞ்சித் திணை, ஈரநிலம்.

முன்னுரை

கொடைக்கானலிலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பேரிஜம் ஏரி உள்ளது. வனத்துறையின் அனுமதிச்சீட்டு பெற்ற வாகனங்கள் மட்டுமே, அவையும் வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில், அங்குச் செல்ல இயலும். ஏரி வழியே டாப் ஸ்டேஷன் நோக்கிச் சென்ற பழைய கொடைக்கானல் – மூணாறு சாலை இன்று பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டுள்ளது. கொடைக்கானல் நகரத்து ஏரி படகுகளாலும் கடைகளாலும் சூழப்பட்டிருக்க, பேரிஜத்தின் கரையில் காட்டுமாடுகள் நீரருந்துகின்றன. இந்த ஏரியின் நீர் மலையடிவாரத்திலுள்ள பெரியகுளத்தின் குடிநீர்த் தேவைக்குப் பயன்படுகிறது.

பேரிஜத்தைப் பற்றிய பொதுவான எழுத்துகள் பெரும்பாலும் அதன் அழகையும் அமைதியையும் பேசி அமைகின்றன. நீர் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவை அவை எழுப்புவதில்லை. பழனிமலையின் வடசரிவில் பிறக்கும் ஓடைகள் அமராவதி வழியாகக் காவிரியையும், தென்சரிவில் பிறப்பவை வராக நதி, மஞ்சளாறு முதலியவற்றின் வழியாக வைகையையும் அடைகின்றன. பனிமூடிய உச்சிகள் இல்லாத இம்மலையில் கோடையிலும் ஓடைகள் வற்றாமல் ஓடுவதற்கு உயர்நிலத்தின் மண்ணும் அதன்மேல் வளரும் தாவரமுமே காரணம். ஆகவே ஏரியைக் காத்தல் என்பது எதைக் காத்தல் என்பதை வரையறுப்பது ஆய்வின் முதற்கடமையாகிறது.

சுனையும் ஏரியும்

தொல்காப்பியம் அகத்திணையியலில் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என எட்டினை வெளிப்படையாகக் கூறுகிறது. நீர் அந்தப் பட்டியலில் பெயர் பெறவில்லை. எஞ்சியவற்றைச் சுட்டும் பொதுச்சொல்லின்கீழ் உரையாசிரியர்கள் பூவையும் நீரையும் அடக்கினர். குறிஞ்சிக்குரிய நீராக அருவியையும் சுனையையும் காட்டினர். பிற்கால நம்பியகப்பொருள் கருப்பொருளைப் பதினான்காக விரித்து, நீருக்குத் தனியிடம் கொடுத்தது. பட்டியலின் விளிம்பில் இருந்த நீர் பெயர் சொல்லப்படும் பொருளாக மாறிய இந்த வளர்ச்சி திணை ஆய்வுகளில் போதிய கவனம் பெற்றதாகத் தெரியவில்லை.

குறிஞ்சியின் நீர் ஏன் அருவியும் சுனையும் ஆயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. இரண்டுமே மனிதரால் ஆக்கப்பட்டவை அல்ல. அருவி விழும் நீர். சுனை ஊறும் நீர். மழை நின்ற பின்னும் பாறையிடுக்கில் கசிந்து தேங்குவதே சுனை. ஏரி என்னும் சொல் இதிலிருந்து வேறுபட்டது. கரையும் மதகும் அமைத்துத் தேக்கப்பட்ட, பாசனத்தோடு தொடர்புடைய நீர்நிலையையே அச்சொல் பெரிதும் குறிக்கிறது. சுனைக்குப் பின்னால் மலை இருக்கிறது. ஏரிக்குப் பின்னால் மக்களின் உழைப்பு இருக்கிறது.

கபிலர் பாடிய புறநானூற்று 109ஆம் பாடல் பாரியின் பறம்பு மலையை வானத்துக்கும் அதன் சுனைகளை விண்மீன்களுக்கும் ஒப்பிடுகிறது. உழவர் உழாமலே மலை தரும் நான்கு விளைபொருள்களைக் கூறிய பின்னரே அவ்வொப்புமை வருகிறது. மூவேந்தரின் முற்றுகையைத் தாங்கும் வலிமை மலைக்கு எவ்வாறு வாய்த்தது என்பதற்கான விடையில் சுனையும் ஓர் உறுப்பு. உணவும் நீரும் மலைக்குள்ளேயே பிறப்பதால் அது வெல்லற்கரியதாகிறது. இப்பாடலை வள்ளலின் புகழாக மட்டும் வாசிப்பது அதன் பாதியை வாசிப்பதாகும்.

எனினும் இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. பறம்பு எனக் கருதப்படும் பிரான்மலை, சிவகங்கை மாவட்டத்தின் வறள்நிலத்தில் தனித்து நிற்கும் பாறைக்குன்று. பழனிமலையின் உயர்நிலமோ குளிரும் மூடுபனியும் இரவு உறைபனியும் உடைய மேட்டுப்பரப்பு. சங்கப் பாடல்களின் சுனையை அப்படியே பேரிஜத்தின்மேல் ஏற்றிக் கூறுவது, அண்மைக்காலச் சூழலியல் கட்டுரைகள் சிலவற்றில் காணப்படும் எளிய வழி. அது இலக்கியத்துக்கும் நியாயம் செய்வதில்லை, நிலத்துக்கும் நியாயம் செய்வதில்லை. இங்குக் கொள்ளத்தக்கது உவமை அன்று. சுனை, ஏரி என்னும் இரு சொற்களின் வேறுபாடே. மலைநீரை அதன் பிறப்பிடத்தோடு சேர்த்துப் பெயரிடும் சொல் சுனை.

பேரிஜத்தின் வரலாறு இந்தச் சொல்வேறுபாட்டுக்குச் சான்றாகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலையில் சுற்றித் திரிந்து அறிக்கையும் ஓவியங்களும் உருவாக்கிய ஆங்கிலேயப் படையதிகாரி டக்ளஸ் ஹாமில்டன், இந்தச் சதுப்புப் பள்ளத்தாக்கினைப் பழைய ஏரியொன்றின் படுகை எனக் கருதினார். அவர் பெயராலேயே அவ்விடம் ஹாமில்டன் கோட்டை என வழங்கலாயிற்று. கோட்டை எனத்தக்க கட்டடம் அங்கு இல்லை என்பது வேறு செய்தி. பின்னர் கரையும் மதகும் அமைந்தன. சதுப்பு நீருக்குள் மறைந்தது. கொடைக்கானல் நகர ஏரியும் இதே முறையில் 1863இல், மதுரை ஆட்சியராயிருந்த வியர் லெவிஞ்சின் முயற்சியால் ஓடைகளை மறித்து உருவாக்கப்பட்டதே. ஆக, இன்று இயற்கையின் கொடையெனப் போற்றப்படும் இந்த ஏரிகள் மனித ஆக்கங்கள்; அவற்றுக்கு நீர் வழங்கும் ஈரப்புல்வெளிகளும் சதுப்புகளுமே இயற்கையின் ஆக்கங்கள். போற்றுதல் இடம் மாறிவிட்டது.

புல்லும் நீரும்

பழனி, நீலகிரி, ஆனைமலை ஆகியவற்றின் உயர்நிலங்கள் ஒரே அமைப்பினை உடையவை. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, அடர்ந்த சோலைகள். சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி. இரண்டும் வந்து சேரும் தாழ்விடங்களில் சதுப்பு. குளிர்காலத்து இரவுகளில் கனத்த குளிர்காற்று தாழ்விடங்களில் தேங்கி உறைபனியை உண்டாக்குகிறது. திறந்த வெளியில் முளைக்கும் சோலைமரக் கன்றுகள் இதனால் கருகுகின்றன. புல்லின் வேர் தப்பிப் பிழைக்கிறது. புல்வெளி மரம் அழிந்த இடம் அன்று, மரம் எளிதில் நுழைய இயலாத இடம் என்பதை விளங்கிக்கொள்ள இந்தச் செய்தி இன்றியமையாதது.

மலைச்சதுப்பைப் பஞ்சுக்கு ஒப்பிடுவது பள்ளிப் பாடநூல்கள் தொடங்கி எங்கும் வழங்கும் வழக்கம். இவ்வுவமை பாதி உண்மையே. நீர் நிறைந்த பஞ்சு மேலும் நீரை ஏற்காது. அடைமழைக் காலத்தில் நிரம்பிய சதுப்பின்மேல் பெய்யும் மழையும் அவ்வாறே வழிந்தோடும். கோடைநீருக்கான காரணத்தை வேறிடத்திலும் தேட வேண்டும். குட்டையான புல், ஆழ வேரூன்றி விரைந்து வளரும் மரத்தைவிடக் குறைவான நீரையே உறிஞ்சி ஆவியாக வெளியிடுகிறது. எஞ்சிய நீர் கரிமம் மிகுந்த மண்ணுக்குள் இறங்கி, மெல்ல நகர்ந்து, சதுப்பின் வழியே ஓடையை அடைகிறது. புல்லின் சிக்கனமும் மண்ணின் தாமதமும் சேர்ந்தே கோடையின் ஓடையாகின்றன.

இதற்கு அளவீட்டுச் சான்று நீலகிரியிலிருந்து கிடைக்கிறது. உதகமண்டலத்தில் இயங்கிய மண்–நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையத்தினர் கிளென்மார்கன் பகுதியில் அடுத்தடுத்து அமைந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்து, ஒன்றினைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் யூகலிப்டஸ் நட்டு, வெளிப்பாயும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தனர். முதற்சுற்றுப் பத்தாண்டுகளில் யூகலிப்டஸ் நீர்ப்பிடிப்பின் ஆண்டு நீர்வரத்து ஏறக்குறைய 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிமரத்திலிருந்து தழைத்த அடுத்த சுற்றில் இக்குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. பசுமை மிகுந்த நிலத்தில் நீர் மிகும் என்னும் பொதுநம்பிக்கைக்கு இம்முடிவு மாறானது. மரம் வளர்த்தால் மழை வரும் என்று மேடைதோறும் சொல்லப்படும் நாட்டில் இம்முடிவு பரவலாக அறியப்படாதது வியப்பன்று.

பழனிமலையில் நிகழ்ந்ததோ சிறு பரிசோதனை அன்று. ஆங்கிலேயர் காலம் தொட்டுச் சீகை, யூகலிப்டஸ், பைன் ஆகிய அயல்மரங்கள் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழை ஆலைகளின் கூழுக்காகவும் புல்வெளிகளில் நடப்பட்டன. விடுதலைக்குப் பின் இப்பணி விரிவடைந்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு அரசுமணியும் உடனாய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, 1973 முதல் 2014 வரையிலான காலத்தில் பழனிமலையின் மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது எனக் காட்டுகிறது. தோட்டங்களும் வேளாண்மையும் அந்த இடத்தைப் பிடித்தன.

இதற்குப் பின்னால் ஒரு சொல் செயற்பட்டுள்ளது. புல்வெளியும் சதுப்பும் வருவாய் ஆவணங்களின் நோக்கில் தரிசு. பயிரும் இல்லை, வெட்டத்தக்க மரமும் இல்லை என்பதே அப்பெயருக்கான காரணம். அண்மைக் காலத்துத் தரிசுநில வரைபடங்களும் இந்தியப் புல்வெளிகளைப் பெருமளவில் இந்த வகையுள் அடக்கியுள்ளன. தரிசு எனப் பெயரிடப்பட்ட நிலத்தில் மரம் நடுதல் குற்றமாகத் தோன்றாது, தொண்டாகவே தோன்றும். குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த செடி வளர்வதும் இந்தத் ‘தரிசில்’தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் மலர்ந்தது. அதன் இயல்பான வாழிடம் திறந்த புல்வெளி. சீகைத் தோட்டத்தின் நிழலில் அது செழிப்பதில்லை.

சேற்றில் பதிந்த காலம்

புல்வெளி இயற்கையானதா, காட்டை எரித்து மனிதர் உண்டாக்கியதா என்னும் விவாதம் நெடுங்காலம் நிலவியது. இதற்கான விடை கிடைத்த இடம் சதுப்பு என்பது அதன் மதிப்புக்கு மற்றொரு சான்று. குளிரும் ஈரமும் மிகுந்து உயிர்வளி குறைந்த சேற்றில் இறந்த தாவரங்கள் முழுமையாக மட்குவதில்லை. அடுக்கடுக்காகப் படிந்து முற்றாக்கரி மண்ணாகின்றன. வெப்பமண்டலப் புற்கள் பலவும் மரங்களும் ஒளிச்சேர்க்கையில் வேறுபட்ட வழிகளைப் பின்பற்றுவதால், அவை தம்முள் சேர்க்கும் கரிம ஓரிடத்தான்களின் விகிதமும் வேறுபடுகிறது. அந்த விகிதத்தை அடுக்குதோறும் அளந்தால் எக்காலத்தில் புல் மிகுந்திருந்தது, எக்காலத்தில் மரம் மிகுந்திருந்தது என அறியலாம்.

இரா. சுகுமாரும் உடனாய்வாளர்களும் நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்பில் எடுத்த மண்ணை இவ்வாறு ஆய்ந்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்குப் புல்வெளி இருந்துள்ளது. உறைபனியூழியின் உச்சத்தில், பருவமழை நலிந்திருந்த காலத்தில் புல் ஓங்கியது. பின்னர் மழை வலுத்த காலத்தில் சோலை விரிந்தது. வறட்சி திரும்பியபோது மீண்டும் புல் மேலோங்கியது. மலையில் வேளாண்மை தோன்றுவதற்கு மிக முற்பட்டது இந்தப் புல்வெளி. தரிசு என்னும் பெயருக்கு எதிரான வலிய சாட்சி, அப்பெயரிடப்பட்ட நிலத்தின் சேற்றுக்குள்ளேயே கிடந்தது எனலாம்.

இதிலிருந்து விளையும் ஒரு கருத்து எளிதில் தவறவிடப்படுகிறது. சதுப்பினைத் தோண்டினாலோ, வாய்க்கால் வெட்டி நீரை வடித்தாலோ முற்றாக்கரி மண் காற்றுப்பட்டு மட்கத் தொடங்கும். அதில் அடைபட்ட கரிமம் வளிமண்டலம் சேரும். இருபதாயிரம் ஆண்டுப் பதிவும் சிதையும். வெட்டிய சோலையை மீண்டும் வளர்க்க மனித வாழ்நாள்கள் சில வேண்டும். வடித்த சதுப்பு மீள அதுவும் போதாது.

சதுப்பின் உயிர்கள்

சதுப்பின் தாவரங்கள் உருவில் சிறியவை. ஊட்டம் குறைந்த ஈரமண்ணில் வளரும் ட்ரோசீரா தன் பசைத் தூவிகளால் பூச்சிகளைப் பிடித்துண்கிறது; யுட்ரிகுலேரியா நீருக்குள் நுண்பைகள் கொண்டு அதையே செய்கிறது. ஓடையோரங்களில் காசித்தும்பை இனங்கள் பல உள்ளன. ராவோர்கெஸ்டஸ் பேரினத்தைச் சேர்ந்த புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் இல்லை. முட்டையிலிருந்து நேரே குட்டித்தவளை வெளிப்படுகிறது. நீர்நிலை தேவைப்படாத இத்தவளைக்குக் காற்றிலும் இலைச்சருகிலும் ஈரம் குன்றாமை தேவைப்படுகிறது. ஏரி நிரம்பியிருக்க, அதைச் சுற்றிய நிலம் உலர்ந்துபோனால் இத்தகைய உயிர்கள் நீரருகிலேயே அழியும். இமயமலையில் இனப்பெருக்கம் செய்து தென்னிந்திய மலைகளில் பனிக்காலத்தைக் கழிக்கும் காட்டு உள்ளான் என்னும் அரிய பறவையும் ஏரியின் நடுநீரை நாடுவதில்லை. சோலையோரச் சேற்றிலேயே இரை தேடுகிறது.

காப்பும் வரையறையும்

2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவுயிரினச் சரணாலயம் 600 சதுர கி.மீ.க்கும் மேற்பட்ட பரப்புடையது. பேரிஜத்துக்கு இன்று கிடைக்கும் காப்பு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகவே வருகிறது. ஈரநிலம் என்ற வகையில் அன்று. 2017ஆம் ஆண்டின் ஈரநில (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், குடிநீருக்கெனவே மனிதரால் கட்டப்பட்ட நீர்நிலைகளை ஈரநிலம் என்னும் வரையறையிலிருந்து விலக்குகின்றன. கரை கட்டி உருவாகி, ஓர் ஊரின் குடிநீராகும் பேரிஜம் இந்த வரையறையின் எப்பக்கம் நிற்கும் என்னும் வினா எழுகிறது. வனச்சட்டங்களுக்கும் வனவுயிர்ச் சட்டத்துக்கும் உட்பட்ட பகுதியிலுள்ள ஈரநிலங்களுக்கும் அவ்விதிகள் பொருந்தா. அச்சட்டங்களே போதிய காப்பளிக்கும் என்பது இவ்விலக்கின் பின்னுள்ள எண்ணமாகலாம். ஆனால் வனச்சட்டத்தின் பார்வை மரத்தையும் விலங்கையும் நோக்கியது; நீரின் வரத்தும் தேக்கமும் அதன் முதற்கருத்து அல்ல. காப்புக்காடாக இருந்த இதே மலையில்தான் புல்வெளிகள் மரத்தோட்டங்களாயின.

இதற்கு மாறான ஒரு முன்மாதிரி நீலகிரியில் உண்டு. கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலை 2024 ஜனவரியில் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பரப்பு 116 ஹெக்டேர். அது பெயர்பெற்றது ஏரியால் அன்று, காட்டால். கீழுள்ள ஊர்களுக்கு நீர் தரும் ஊற்றுக்காடு என்பதால் அதுவும் ஈரநிலமாகக் கொள்ளப்பட்டது. நீரைத் தேங்கும் இடத்தில் காணாமல் பிறக்கும் இடத்தில் காணும் பார்வை இது. சுனை என்னும் சொல்லில் உறையும் பார்வைக்கு நெருங்கியது. பேரிஜத்தின் நீர்ப்பிடிப்பு முழுவதையும் இதே அளவுகோலால் மதிப்பிடுவதற்குத் தடையேதும் இல்லை.

புல்வெளியை மீட்பது நினைக்குமளவு எளிதன்று. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைகளையும் தமிழ்நாடு அரசு 2022இல் வகுத்த அயல்தாவரக் கொள்கையையும் அடுத்து அயல்மரங்களை அகற்றும் பணி மலைகளில் நடைபெறுகிறது. சீகையின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் படச்செய்தாலோ தீப்பட்டாலோ அடர்ந்து முளைக்கும். வெட்டியபின் ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்குவோர் இல்லையெனில் வெட்டியதே அதன் பெருக்கத்துக்கு வழியாகும். மறுபுறம், பழனிமலையின் பழைய பைன், சீகைத் தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலைமரக் கன்றுகள் தாமாகவே எழுந்துள்ளன. அத்தகைய இடங்களில் தோட்டத்தை ஒரே வீச்சில் அகற்றுவது எழுந்துவரும் சோலையையும் அகற்றுவதாகும். ஆகவே எந்தச் சரிவு புல்லுக்குரியது, எந்த மடிப்பு சோலைக்குரியது, எந்தத் தாழ்விடம் சதுப்புக்குரியது என்பதை நீர்ப்பிடிப்புதோறும் நடந்து குறிக்க வேண்டியுள்ளது. பேரிஜத்தில் அப்பணி ஏரிக்கரையில் தொடங்காது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஓடைகளின் தலைப்பிலுள்ள, பெயர்ப்பலகை எதுவும் இல்லாத சேற்றுப் புல்வெளிகளிலேயே தொடங்கும்.